ஸ்ட்ரைடிங் எட்ஜ்: கத்திமுனைப் பாறையில் நடையும் படமும்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஹெல்வெலின் மலைக்கு ஏறும் வழிகளில், வருகிறவர்கள் அதிகம் படமெடுப்பது ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகட்டை. மோசமாக எடுப்பதும் அதைத்தான். பாறையின் மேல் நின்றபடியே தன் காலடியையும் முன்னால் போகிறவரின் முதுகையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏதோ கல் குவாரியில் எடுத்தது போல இருக்கும். முகட்டின் மேல் நிற்பவருக்கு முகடு தெரியாது, அவ்வளவுதான். அதன் நல்ல படங்கள் ஏறக்குறைய எல்லாமே முகட்டுக்கு இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ எடுத்தவை. நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் கேமரா பைக்குள் இருக்கலாம். இருப்பதே நல்லது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் எந்த வழியாக ஏறுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த லென்ஸைத் தூக்குவது என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் இடத்தின் அமைப்பு. ஹெல்வெலின் 950 மீட்டர். ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல் இரண்டுக்கும் அடுத்தபடியாக இங்கிலாந்தில் மூன்றாவது உயரம். அதன் மேற்குப் பக்கம் புல் மூடிய சாதுவான சரிவு. கிழக்குப் பக்கம்தான் பனியாறுகள் குடைந்த பக்கம். இரண்டு பனியாறுகள் பக்கத்துப் பக்கத்தில் மலையை அரித்துக்கொண்டே வர, இடையில் மிச்சமாக நின்ற மெல்லிய சுவர்தான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். அதன் வடக்கே ரெட் டார்ன் என்ற ஏரி, தெற்கே நெதர்மோஸ்ட் கோவ் என்ற பள்ளம். ரெட் டார்னுக்கு அந்தப் பக்கம், அதாவது வடக்கில், ஸ்விரல் எட்ஜ் என்று இன்னொரு முகடு. அதன் நுனியில் கூம்பு போல கேட்ஸ்டை கேம் சிகரம், 890 மீட்டர். ஏரியை நடுவில் வைத்து இரண்டு கைகளை நீட்டியிருக்கும் நாற்காலி என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு ஹெல்வெலின், இடக்கை ஸ்ட்ரைடிங், வலக்கை ஸ்விரல். கிழக்கிலிருந்து பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு.

பாறை எரிமலைப் பாறை. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைகள் கக்கியது. காய்ந்திருந்தால் பூட்ஸ் அடியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் எல்லோரும் மிதிக்கிற தடத்தில் அது தேய்ந்து வழவழவென்று பளபளக்கும். மழை பெய்தால் அந்தப் பளபளப்பும், பாறை மேல் படர்ந்திருக்கும் கறுத்த பாசியும் சோப்பு தடவியது போலாகிவிடும். ஈரமான நாளில் பளபளக்கும் கல்லை விட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் சொரசொரப்பான கல்லில் மிதிப்பது பழக்கமானவர்கள் செய்வது.

போகிற வழி

லண்டனிலிருந்து வருபவர்கள் யூஸ்டனில் ரயில் ஏறிப் பென்ரித்தில் இறங்கி, அங்கிருந்து 508 எண் பேருந்தில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக க்ளென்ரிடிங் வரலாம். அன்றைக்கே வந்து அன்றைக்கே ஏறுவது படமெடுக்கிறவருக்குச் சரிப்படாது. முந்தைய நாள் இரவு க்ளென்ரிடிங்கிலோ பேட்டர்டேலிலோ தங்கினால்தான் காலை வெளிச்சம் கிடைக்கும். காரில் வருபவர்களுக்கும் ஒன்று: கோடைக்கால வார இறுதிகளில் கார் நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

க்ளென்ரிடிங்கிலிருந்து மையர்ஸ் பெக் ஓடையை ஒட்டி ஏறி, பர்க்ஹவுஸ் மூர் தோளைத் தாண்டினால் ஒரு நீண்ட கல்மதில் வரும். அதிலுள்ள திறப்புக்குப் பெயர் ஹோல் இன் த வால். பேட்டர்டேலிலிருந்து கிரைஸ்டேல் பள்ளத்தாக்கு வழியாக ஏறுகிற சாய்வுப் பாதையும் இங்கேதான் வந்து சேரும். சாதாரண நடைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். இங்கே உட்கார்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். ஏனென்றால் கௌரவக் குறைச்சல் இல்லாமல் திட்டத்தை மாற்றக்கூடிய கடைசி இடம் இது. மேகம் கீழிறங்கியிருந்தாலோ, நிற்கும்போதே காற்று உடம்பைத் தள்ளினாலோ, இடப்பக்கம் முகட்டுக்குப் போகாமல் நேரே ரெட் டார்ன் கரைக்கு நடந்துவிடலாம். ஏரிக்கரையிலேயே அன்றைக்கு வேண்டிய படங்கள் கிடைக்கும்.

மதிலைத் தாண்டி முகட்டில் ஏறினால் முதல் உச்சி ஹை ஸ்பையிங் ஹவ், 863 மீட்டர். முகட்டிலேயே உயரமான புள்ளி இதுதான். இதைக் கடந்த சிறிது தூரத்தில், தெற்குப் பக்கம் சற்றுக் கீழே, வெள்ளையடித்த சிறிய இரும்பு நினைவுச் சின்னம் ஒன்று தெரியும். 1858-இல் நரி வேட்டையின்போது இங்கே விழுந்து இறந்த ராபர்ட் டிக்சனுக்கு வைத்தது. அதைக் கிட்டப்போய்ப் பார்க்க இறங்க வேண்டாம். மேலிருந்தே தெரியும்.

இங்கிருந்து முகடு குறுகும். கரணம் தப்பினால் மரணம் என்கிற ரகம் இல்லை. பிரிட்டிஷ் தரவரிசையில் இது முதல் நிலை ஸ்கிராம்பிளிங், அதாவது கயிறு வேண்டாம், ஆனால் கைகள் வேண்டும். இரண்டு வழிகள் இணையாகப் போகின்றன. ஒன்று உச்சிக் கோட்டின் மேலேயே. இன்னொன்று வலப்பக்கம், ரெட் டார்ன் பக்கமாக, சில மீட்டர் கீழே ஓடுகிற மண்பாதை. வேண்டிய இடத்தில் மாறிக்கொள்ளலாம். ஆனால் கீழ்ப்பாதை எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இரண்டுக்கும் இடையில்தான். கீழ்ப்பாதையில் போய்க்கொண்டிருந்தவர் மனம் மாறி, கண்ட இடத்தில் நேராக மேலே ஏறப் பார்ப்பார். அங்கே மிதிபடாத கல் ஆடும், புல் பிடுங்கிக்கொண்டு வரும். மாறுவதென்றால் தடம் தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும் மாற வேண்டும்.

முகட்டின் கடைசியில் ஒரு சிறிய பாறைப் பிளவு. சிம்னி என்பார்கள். ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம், அதில் இறங்க வேண்டும். முகடு முழுவதிலும் கடினமான இடம் இதுதான். நின்ற வாக்கில் முகத்தை வெளிப்பக்கம் வைத்து இறங்கப் பார்ப்பவர்களின் பை பின்னால் பாறையில் இடித்து, அவர்களையே முன்னால் தள்ளும். ஏணியில் இறங்குவது போலப் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பாறையில் இருக்கட்டும். உடம்பைப் பாறையோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் அடுத்த மிதி கண்ணுக்குத் தெரியும். முழங்காலை ஊன்றாதீர்கள், முழங்காலிலிருந்து எழுந்திருக்க இன்னொரு பிடி தேட வேண்டியிருக்கும். இது பிடிக்காதவர்களுக்கு வலப்பக்கமாகச் சுற்றிப் போகவும் வழி உண்டு. இந்தச் சிம்னியில்தான் வார இறுதிகளில் வரிசை நிற்கும். வரிசையில் நிற்கும்போது கீழே இருக்கிறவரைப் படமெடுக்கிறேன் என்று விளிம்பில் சாய்வது, முகட்டில் நடக்கும் அசட்டுக் காரியங்களில் முதலிடம் பெறும்.

சிம்னிக்குப் பிறகு ஹெல்வெலினின் முகப்புச் சரிவு. பலரும் ஆபத்து முடிந்தது என்று தளர்வது இங்கேதான். சரளையும் உதிரிக் கல்லும் நிறைந்த செங்குத்தான ஏற்றம். மேலே போகிறவர் தட்டிவிடும் கல் கீழே வருகிறவர் தலையில் விழும். ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் ஏறாமல் சற்று விலகி ஏறுங்கள். கல் உருண்டால் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். ஏறி முடிக்கும் இடத்தில் இருக்கும் கல், சார்லஸ் காஃப் நினைவுக்கல். 1805-இல் இந்த மலையில் இறந்தவர் அவர். மூன்று மாதம் கழித்து உடலைக் கண்டுபிடித்தபோது அவருடைய நாய் அங்கேயே இருந்தது. கல் வைத்தது 1890-இல். படமெடுக்கிறவர்களுக்கு இந்த இடம் வேறு காரணத்துக்காக முக்கியம். அதற்கு வருகிறேன்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

முகடு கிழக்கு வடகிழக்கிலிருந்து மேற்குத் தென்மேற்காக ஓடுகிறது. இந்தத் திசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

லேக் டிஸ்ட்ரிக்ட் ஏறக்குறைய 54.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் வடகிழக்கில், காலை நாலே முக்கால் மணிக்கெல்லாம் உதித்துவிடும். நண்பகலில் 59 பாகை உயரத்துக்கு ஏறும். டிசம்பரில் தென்கிழக்கில் எட்டரை மணிக்கு உதித்து, நண்பகலிலும் 12 பாகைக்கு மேல் எழாமல், நாலு மணிக்குள் தென்மேற்கில் விழுந்துவிடும். நம் ஊரில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டி விடிகிற பழக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் ஏமாந்துபோகிறார்கள்.

ஆகவே ஜூன் காலையில் சூரியன் முகட்டின் ரெட் டார்ன் பக்கத்தைத் தொடும். மற்றப் பருவங்களில் பெரும்பாலான நேரம் அந்தப் பக்கம் நிழலில்தான் கிடக்கும். குளிர்காலத்திலும் பின்இலையுதிர் காலத்திலும் காலைச் சூரியன் தென்கிழக்கிலிருந்து வருவதால் நெதர்மோஸ்ட் கோவ் பக்கம் பொன்னிறமாகவும், ஏரிப் பக்கம் கருநீலமாகவும் இருக்கும். உச்சிக் கோட்டில் வெளிச்சமும் இருளும் கோடு கிழித்தது போலப் பிரியும். முகடு கத்தி போலத் தெரிய வேண்டுமென்றால் இந்த வெளிச்சம்தான் வேண்டும். சூரியன் நேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் பெற்று, கத்தி அப்பளமாகத் தட்டையாகிவிடும். இதற்காகவே அக்டோபர் கடைசியையும் நவம்பரையும் பலர் விரும்புகிறார்கள். உறைபனி அவ்வளவாக இருக்காது, விடியலும் மனிதர்கள் எழக்கூடிய நேரத்தில் வரும்.

மாலையை நம்பிப் போக வேண்டாம். முகட்டுக்கு மேற்கே, அதைவிட உயரமாக ஹெல்வெலின் நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் முகடு முழுவதும் நிழலில் மூழ்கும். குளிர்காலத்தில் இது மதியத்திலேயே தொடங்கிவிடும். மாலை வெளிச்சம் மலையுச்சிச் சமவெளிக்கும் மேற்கே தெரியும் மலைவரிசைகளுக்கும்தான்.

எங்கே நின்று எடுப்பது

ஐந்து இடங்கள் சொல்லலாம். ஐந்தும் ஒரே தரம் இல்லை.

ரெட் டார்னின் கிழக்குக் கரை, ஓடை வெளியேறும் இடம். காற்றில்லாத காலையில் முகப்புச் சரிவு முழுவதும் ஏரியில் தலைகீழாக விழும். இடப்பக்கம் ஸ்ட்ரைடிங், வலப்பக்கம் ஸ்விரல். ட்ரைபாட் வைக்க ஏற்ற சமதரை இந்தப் பயணத்தில் இங்கே இருக்கிறது. காற்று எழும்பிவிட்டால் பிரதிபலிப்பு போய்விடும். பெரும்பாலும் விடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்.

ஹை ஸ்பையிங் ஹவ் உச்சி. முகடு முழுவதும் முன்னால் நீண்டு, கடைசியில் ஹெல்வெலின் சுவரில் முட்டுவது தெரியும். முகட்டின் மேல் நின்று எடுக்கும் படங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். உச்சியில் உட்கார்ந்து எடுக்குமளவு இடம் உண்டு. உட்கார்ந்தே எடுங்கள்.

காஃப் நினைவுக்கல் அருகே, சமவெளியின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே. மேலிருந்து முகட்டைப் பார்க்கும் புகழ்பெற்ற காட்சி. ஏரி இடப்பக்கம், முகடு நடுவில் பாம்பாக வளைந்து, மேலே வருகிறவர்கள் எறும்புகளாக. 35 முதல் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும்.

ஸ்விரல் எட்ஜின் மேல்முனை. இங்கிருந்து முகடு பக்கவாட்டில் தெரியும்.

கேட்ஸ்டை கேம். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் களைத்துப்போய் இறங்குகிறவர்கள் இன்னொரு உச்சியா என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஏரிக்கு மேலாக, முகடு அதன் முழு நீளத்தில் பல்வரிசை போல நிற்கும். உச்சிக் கோட்டில் நடப்பவர்கள் தனித்தனியாகத் தெரிவார்கள். தூரம் சுமார் 800 மீட்டர். ஃபுல்ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் சராசரி உயரமுள்ள ஒருவர் சென்சாரில் 0.4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருவார். 24 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 70 பிக்சல் உயரம். மனிதன் என்று தெரியும். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் போட்டால் 18 பிக்சல். தூசி என்று துடைக்கத் தோன்றும். மனித உருவம் இல்லாத முகட்டுப் படத்தில் அளவு புரியாது. பத்து மீட்டர் பாறையா நூறு மீட்டர் பாறையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆகவே சிவப்போ மஞ்சளோ சட்டை போட்ட ஒருவர் உச்சிக் கோட்டில் வரும்வரை காத்திருப்பது வீண் அல்ல.

அகலக் கோண லென்ஸ்தான் மலைக்கு என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. 16 மில்லிமீட்டரில் காலடிக் கல் பெரிதாகி, பின்னால் இருக்கும் மலை மேடாகச் சுருங்கிவிடும். செங்குத்துச் சரிவும் படுத்துவிடும். செல்பேசியில் 0.5 என்று எழுதியிருக்கும் லென்ஸுக்கும் இதே குறை. செல்பேசியில் எடுப்பவர்கள் சாதாரண லென்ஸையோ இரண்டு மடங்கு லென்ஸையோ பயன்படுத்தினால் முகடு முகடாக வரும்.

ஹை ஸ்பையிங் ஹவ்வில் 24 மில்லிமீட்டர் லென்ஸில் துளை அளவை எஃப் 8 வைத்து இரண்டரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். எஃப் 16, எஃப் 22 என்று போக வேண்டியதில்லை; படம் மொத்தமாக மழுங்கும், ஷட்டரும் மெதுவாகிவிடும். காற்றில் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் அகல லென்ஸுக்கே 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள். 200 மில்லிமீட்டருக்கு 1/500. சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ 400 அல்லது 800 ஆனால் ஆகட்டும். சிறிது மணல்மணலாக வரும் படத்தைச் சரிசெய்துவிடலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பனி போர்த்திய நாளில் கேமராவின் மீட்டர் வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். மூடுபனியிலும் ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்ட வேண்டும். மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். பாறை விளிம்பு தெரிகிற இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு சட்டகத்தை அமையுங்கள். அகலக் கோணத்தில் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியைப் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று திட்டுத்திட்டாக வரும். ஈரப் பாறையின் மினுக்கத்தைக் குறைக்க மட்டும் அது உதவும்.

கீழே மேகக் கடல், மேலே வெயில் என்கிற அபூர்வ நாள் அமைந்தால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் கீழே பாருங்கள். உங்கள் நிழல் மூடுபனியில் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியலாம். பிராக்கன் ஸ்பெக்டர் என்பது இதுதான். ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றிய வளையம் மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் காட்டிப் பயனில்லை.

சுமையும் கட்டும்

ஒரு கேமரா, இரண்டு லென்ஸ்: 24-70, 70-200. அல்லது ஒரே 24-105. தண்ணீர், உணவு, உடை எல்லாம் சேர்த்துப் பை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிம்னியில் தெரியும்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு முகட்டில் ஏறாதீர்கள். குனியும்போது முன்னால் ஊசலாடிப் பாறையில் இடிக்கும். அதைக் காப்பாற்ற ஒரு கை தானாகவே பாறையை விட்டு வரும். விழுகிறவர்கள் விழுவது அப்படித்தான். மார்பில் கட்டுகிற பை வசதி போலத் தெரியும், ஆனால் சொந்தக் கால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். பையின் தோள்பட்டையில் மாட்டும் கிளிப் ஹோல் இன் த வால் வரை நன்றாக இருக்கும். அதன் பிறகு கேமரா உள்ளே. காஃப் நினைவுக்கல்லில் மறுபடி வெளியே. நடுவில் ஹை ஸ்பையிங் ஹவ் ஒரு நிறுத்தம். லென்ஸ் மாற்றுவதும் இந்த நிறுத்தங்களில்தான். முகட்டில் கைநழுவிய லென்ஸ் மூடி நேரே ஏரியை நோக்கிப் போகும். அதன் பின்னால் உடம்பு தானாகவே எட்டிப் பாயும் என்பதுதான் பயம்.

ட்ரைபாடைப் பையின் பக்கவாட்டில் மாட்டினால், இடுக்கில் நுழையும்போது பாறையில் மோதி உங்களைச் சுழற்றிவிடும். பைக்குள் நெட்டுக்குத்தாக வைக்க முடியாதென்றால் ரெட் டார்ன் வரை மட்டும் போகிற நாளில் கொண்டுவாருங்கள். நடைக்கோலும் அப்படியே: முகட்டுக்கு முன் மடித்து உள்ளே வைக்க வேண்டும். பையின் மழையுறை பலமான காற்றில் பாய்மரமாகி உங்களை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு, உள்ளே நீர்புகாத பைகளில் பொருட்களைப் போட்டுக்கொள்வதே சரி.

லென்ஸ் துடைக்கும் துணி மூன்று வேண்டும், ஜிப் பையில். முதல் துணி பத்து நிமிடத்தில் நனைந்து, துடைக்கத் துடைக்க ஈரத்தைத்தான் பூசும். மாற்று பேட்டரிகள் சட்டையின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். குளிரில் தீர்ந்துவிட்டது என்று கேமரா சொல்லும் பேட்டரியை அரை மணி உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் மறுபடி கொஞ்சம் உழைக்கும். கைக்கு மெல்லிய உள்ளுறை, அதன் மேல் தடித்த உறை. பட்டனை அழுத்த மேலுறையை மட்டும் கழற்றினால் போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, முழங்கால் மடங்காது.

வானிலையும் குளிர்காலமும்

க்ளென்ரிடிங் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 950. இந்த 800 மீட்டர் வித்தியாசத்துக்கே வெப்பம் ஐந்து பாகை செல்சியஸ் குறையும். காற்றின் குளிர் தனிக் கணக்கு. ஊருக்கான முன்னறிவிப்பைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறையான மெட் ஆபிஸின் மலை முன்னறிவிப்பு, எம்டபிள்யூஐஎஸ் என்ற மலை வானிலைச் சேவை, லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் மூன்றையும் பாருங்கள். குளிர்காலத்தில் வெதர்லைனுக்காக மதிப்பீட்டாளர் ஒருவர் நாள்தோறும் ஹெல்வெலின் ஏறி, பனி எப்படி இருக்கிறது என்று எழுதுகிறார். இதைவிட நேரடியான தகவல் வேறெங்கும் கிடைக்காது.

காற்றில் சராசரி வேகத்தைவிடத் திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 30 மைல் வீச்சு என்றால் உச்சிக் கோட்டை விட்டுக் கீழ்ப்பாதை. 40 என்றால் முகடே வேண்டாம். தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ குறுக்காக அடிக்கும் காற்று, முகட்டின் நீளவாக்கில் வரும் மேற்குக் காற்றைவிடக் கெட்டது. வீச்சுக்கு எதிராகச் சாய்ந்து நடப்பவர், அது சட்டென்று நின்றதும் சாய்ந்த பக்கமே விழுவார்.

பனியும் பனிக்கட்டியும் படிந்துவிட்டால் இது வேறு மலை. கோடையில் எளிதாக இருந்த கீழ்ப்பாதை இறுகிய பனியால் நிரம்பி, ஏரியை நோக்கிச் சாய்ந்த சறுக்குமரமாகிவிடும். அப்போது உச்சிக் கோடே மேல். ஐஸ் ஆக்ஸ் கையில் இருக்க வேண்டும், பையில் அல்ல. பூட்ஸில் கிராம்பான் என்ற முழு அளவு முள்சட்டம். நகரத்து நடைபாதைக்கு வாங்கும் சிறு முள்பட்டைகள் இங்கே போதாது. சமவெளியின் கிழக்கு விளிம்பில் பனி வெளிப்பக்கமாகத் திண்ணை போல நீண்டிருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. காஃப் நினைவுக்கல் அருகே நின்று எட்டிப் படமெடுப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஸ்விரல் எட்ஜில் இறங்கத் தொடங்கும் முதல் சில மீட்டர்கள் குளிர்காலத்தில் பலரைப் பலிகொண்ட இடம். மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும், கால் வைத்தால் கண்ணாடி.

ஸ்விரல் சரிப்படாது என்று தோன்றினால் திரும்பி ஸ்ட்ரைடிங்கில் இறங்கவும் வேண்டாம். சமவெளியிலேயே வடக்கே லோயர் மேன், வொய்ட் சைடு வழியாக நடந்து, கெப்பல் கோவ் பக்கம் வளைந்து இறங்கும் பழைய பாதையைப் பிடித்தால் க்ளென்ரிடிங்குக்கே வந்து சேரலாம். தூரம் கூடும், ஆனால் நடை மட்டும்தான். மேற்கே இறங்கினால் பாதை சுலபம், ஆனால் மலையின் மறுபக்கத்துச் சாலையில் போய் நிற்பீர்கள். தங்கும் அறையும் காரும் இந்தப் பக்கம் இருக்கும்.

மூடுபனியில் சமவெளி ஏமாற்றும். குறுக்குவடிவக் கற்சுவர் ஒன்று காற்றுக்கு ஒதுங்க இருக்கிறது, சற்று வடக்கே நில அளவைத் தூண் இருக்கிறது. இரண்டையும் வரைபடத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு திசைகாட்டியில் நகருங்கள். பிரிட்டிஷ் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 5 எண் வரைபடம், 1:25,000 அளவு, காகிதத்தில். செல்பேசி வரைபடமும் நல்லதே, ஆனால் படமும் அதிலேயே எடுப்பவருக்கு மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

உதவி தேவைப்பட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் நேரம் வீணாகும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் இல்லை. குரல் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். டார்ச் வெளிச்சத்துக்கும் இதே கணக்கு. மூன்று முறை ஊதிப் பதில் வந்தாலும் நிறுத்தாதீர்கள், தேடுகிறவர்கள் ஒலியைப் பிடித்துத்தான் வர வேண்டும்.

மொத்தச் சுற்றுக்கும், ஸ்ட்ரைடிங்கில் ஏறி ஸ்விரலில் இறங்க, சாதாரணமாக ஆறேழு மணி நேரம் ஆகும். படமெடுத்தால் எட்டு. இதே வரிசையில் போவதற்குக் காரணம் இரண்டு: காலை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து முகப்புச் சரிவைக் காட்டும், உதிரிக்கல் சரிவில் இறங்காமல் ஏறுவதாகவும் அமையும். சிம்னியில் மட்டும் இறங்க வேண்டியிருக்கிறது என்பது இந்த வரிசைக்கு உள்ள ஒரே குறை.

இறங்கி அறைக்கு வந்ததும் கேமராப் பையைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் அறையின் ஈரம் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். மெமரி கார்டு உடனே வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே, குளிரிலேயே எடுத்துக்கொண்டு, பையை ஜிப் போட்டு இரண்டு மணி நேரம் அறையில் சும்மா வையுங்கள். அதற்குள் பூட்ஸைக் கழற்றிக் காகிதம் திணித்துக் காயவைத்துவிடலாம்.